பாக்கலாமுங்க

2067-ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில், கோயமுத்தூரில் மாடிப்படி இறங்கியவர்களில் பாதிப் பேர் முதுகைக் காட்டிக்கொண்டுதான் இறங்கினார்கள். வெளியூர்க்காரர்கள் இதையும் கொங்கு நாட்டு மரியாதைகளில் ஒன்று என்று நினைத்து, தாங்களும் திரும்பி நின்று இறங்கிப் பல்லை உடைத்துக்கொண்டார்கள்.

விஷயம் மரியாதை இல்லை, முட்டி.

உட்கார்ந்தே வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு தலைமுறைக்கு முழங்கால் மொத்தமாகக் கைவிட்டுப் போனதால், ஊரே உலோக முழங்கால் பொருத்திக்கொண்டிருந்தது. முழங்காலைச் செய்தவை ஏழெட்டுக் கம்பெனிகள். அந்த முழங்கால்களை மடக்கி நீட்டிய மென்பொருள் மட்டும் ஒன்றே ஒன்று. அதற்கும் ‘முட்டி’ என்றுதான் பெயர். ஏழெட்டுக் கம்பெனிகளும் அதையே தேர்ந்தெடுத்ததற்கு நீண்ட தொழில்நுட்பக் காரணங்களைச் சொன்னார்கள். சுருக்கமான காரணம், அது இலவசம். திறமூல மென்பொருள். அதன் உரிமப் பத்திரத்தின் முதல் வரியே, “இதை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம்” என்பதுதான். நாற்பது லட்சம் பேர் அதை நம்பி நடந்தார்கள். திறந்து பார்த்தவர்கள் ஒன்பது பேர்.

அந்த ஒன்பது பேரில் முதல் ஆள் தாரணிகா. வயது ஐம்பத்தேழு. முன்பு கணபதிப் பகுதியில் ஒரு பட்டறையில் போர்வெல் பம்புக்குக் கன்ட்ரோல் போர்டு செய்துகொண்டிருந்தவள். அந்தப் பம்புக்கு எழுதிய நிரலைத்தான் முழங்காலுக்குத் தகுந்தபடி திருத்தியிருந்தாள். அங்கேதான் வினை. ஏறிய தண்ணீர் திரும்ப இறங்கக் கூடாது என்பது பம்பின் தர்மம். தண்ணீரைத் திரும்ப விடாமல் பிடித்துக்கொள்ளும் அந்தப் புட்வால்வு புத்தி முட்டிக்குள் எங்கேயோ ஒட்டிக்கொண்டிருந்தது. படி ஏறும்போது முட்டி பூவாக வேலை செய்யும். இறங்கும்போது எட்டுப் படி வரை சும்மா இருந்துவிட்டு, ஒன்பதாவது படியில் தண்ணீர் திரும்புகிறது என்று முடிவுகட்டி இறுகிக்கொள்ளும். திரும்பி நின்று இறங்கினால் ஏறுகிறோம் என்று நினைத்துக்கொள்ளும். ஆகவேதான் ஊரே பின்பக்கமாக இறங்கியது.

ஒரு புதன்கிழமை காலை தாரணிகா தன் மூன்றாம் மாடி வீட்டிலிருந்து அப்படித்தான் இறங்கிக்கொண்டிருந்தாள். கீழிருந்து யாரோ ஏறி வரும் சத்தம் கேட்டது.

“யாருங்க கீழ? ஒதுங்கிக்குங்க, நான் வர்றனுங்க!”

“வணக்கம் மேடம், நான் கவின்பிரசாத், ஆசனா சோபா நிறுவனத்தின் சமூகக் கூட்டுறவு மற்றும் எதிர்கால நல்லுறவுகள் பிரிவின் துணைத் தலை...”

பதவி முடிவதற்குள் படி முடிந்துவிட்டது. அவள் அவர் மடியில் உட்கார்ந்திருந்தாள். அவர் கொண்டுவந்த பொன்னாடை இருவர் மேலும் பொதுவாகப் போர்த்திக்கொண்டது. சோபா கம்பெனி ஆள் என்பதாலோ என்னவோ, முகம் சுளிக்காமல் தாங்கினார்.

எதிர்ப் பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும் வந்தன. கவின்பிரசாத்துக்கு நாற்பது வயதிருக்கும். சொந்த ஊர் கோபிச்செட்டிபாளையம். ஆனால் அதை அவர் பேச்சிலிருந்து யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி நன்றாகப் படித்திருந்தார். கல்லூரியில் கால்பந்து ஆடிக் கெடுத்துக்கொண்டதில் அவருக்கும் முட்டிதான்.

“படி இறங்கும் பிழைக்குத் திருத்தம் எழுதிட்டீங்கன்னு கேள்விப்பட்டோம் மேடம்.”

“எழுதி ரண்டு மாசமாச்சுங்க. சோதிக்காம எப்படிங்க வெளியிடறது? நாப்பது லட்சம் பேரு காலு. நாங்க ஒம்பது பேரு, எங்களுக்கு மொத்தம் பதினெட்டுக் காலு. அதுலயும் ரண்டு ஆஸ்பத்திரில இருக்குது.”

அந்த இரண்டு கால் ரியாஸுடையவை. முட்டியின் ஒவ்வொரு மாற்றத்தையும் தன் காலிலேயே முதலில் ஏற்றிப் பார்ப்பவன். கரும்புக்கடைப் பகுதியில் தன் வீட்டு மாடிப்படியில், மறதியாக ஒருநாள் நேராக இறங்கிவிட்டான். ஒன்பதாவது படி அவனை மீதி இருபத்து மூன்று படிக்கும் தள்ளிவிட்டது. காரை எலும்பு இரண்டு துண்டு.

“அதுக்குத்தான் மேடம் நாங்க வந்திருக்கோம்” என்றார் கவின்பிரசாத். “பீளமேட்டுல எங்க சோதனைக் கூடம். நானூறு இயந்திரக் கால். சோபா ஸ்பிரிங் எத்தனை வருஷம் தாங்குதுன்னு பார்க்க, ராப்பகலா உட்கார்ந்து எழுந்திரிக்குது. அதுங்களைப் படி இறங்க வைக்கிறது பெரிய விஷயமில்லை. ஒரு வருஷத்துக்கு மொத்தமும் உங்க கம்யூனிட்டிக்கு. நாங்க எதையுமே எதிர்பார்க்கலை.”

தாரணிகா பன்னைப் பிய்த்தபடி காத்திருந்தாள். எதையுமே எதிர்பார்க்காதவர்கள் அடுத்த வாக்கியத்தில் அதைச் சொல்லிவிடுவார்கள்.

“ஒரு சின்ன நன்றியுணர்வு மட்டும்.”

“பேரைப் போடோணுமுங்களா? கோயில் டியூப்லைட்டுல உபயம்னு எழுதற மாதிரி? அதுக்கென்னுங்க, போட்டறலாம்.”

“பேரெல்லாம் பழைய காலம் மேடம். இப்ப எல்லாம் அனுபவம். எங்க ஷோரூம் வாசலைக் கடக்கும்போது முட்டி லேசா மடங்கணும். ஏழே டிகிரி. ஒரு மைக்ரோ நன்றி.”

“கும்பிடு போடச் சொல்றீங்களா?”

“கும்பிடு கையில போடறது மேடம். இது கால் சம்பந்தப்பட்டது. லீகல்ல கேட்டுட்டோம்.”

தாரணிகாவுக்கு நாக்கின் நுனி வரை ‘முடியாது’ என்ற வார்த்தை வந்தது. ஆனால் அவள் பிறந்த மண்ணில், டீ வாங்கிக் கொடுத்தவனிடம் அந்த வார்த்தையைச் சொல்லும் வழக்கம் இல்லை. பெண் கேட்டு வந்தவர்கள், ஓட்டுக் கேட்டு வந்தவர்கள், ஒரு நாளைக்குக் காரை இரவல் கேட்டு வந்த சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அங்கே ஒரே பதில்தான். கேட்டவர் அதைப் புரிந்துகொண்டு, மனசு நோகாமல் எழுந்து போய்விடுவார்.

“பாக்கலாமுங்க” என்றாள்.

கவின்பிரசாத் எழுந்து போகவில்லை. முகம் மலர்ந்து கை குலுக்கினார்.

இங்கே முட்டிக் குழுவின் ஆட்சிமுறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒன்பது பேருக்கும் ஒரு சட்டம் இருந்தது. அதை அவர்கள் எழுதவில்லை. வருஷத்தில் எட்டு மாதம் பனி பெய்கிற, மாமியார் முகத்துக்கு நேராக “இந்தக் குழம்பு எனக்குப் பிடிக்கவில்லை” என்று சொல்லிவிடுகிற ஒரு தேசத்தின் மென்பொருள் குழுவிடமிருந்து அப்படியே எடுத்துக்கொண்டது. அதன்படி, யோசனை எதுவானாலும் மடல் குழுவில் எழுபத்திரண்டு மணி நேரம் இருக்கும். யாராவது மறுத்தால் தள்ளுபடி. யாரும் மறுக்காவிட்டால் ஏற்பு. ஏற்றதைத் தாரணிகா கையொப்பமிட்டு வெளியிட வேண்டும். அவளுடைய மின்கையொப்பம் இல்லாத எதையும் எந்த முழங்காலும் ஏற்காது. அவள் மாட்டேன் என்றால் கையொப்ப உரிமை அடுத்த ஆளுக்குப் போய்விடும். மறுப்பு வந்ததா என்று மடல்களைப் படித்துத் தீர்ப்புச் சொல்ல ‘பஞ்சாயத்து’ என்ற நிரல் ஒன்று இருந்தது. முடியாது, கூடாது, வேண்டாம், மறுக்கிறேன் ஆகிய நான்கு வார்த்தைகளும் அதற்கு அத்துப்படி.

கவின்பிரசாத் யோசனையைக் குழுவுக்கு அனுப்பினார். படி இறங்கும் திருத்தமும் ஏழு டிகிரியும் ஒரே பொட்டலமாக.

பதில்கள் வந்தன. பொள்ளாச்சியிலிருந்து ஒருவர், “பாக்கலாமுங்க.” அவினாசியிலிருந்து ஒருவர், “அடுத்த வாரம் பேசிக்கலாமுங்க.” ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து ரியாஸ், ஒற்றைக் கையால், “பாக்கலாம்.” எல்லோரும் மனசுக்குள் கொதித்தார்கள் என்பது எழுத்தில் நன்றாகவே தெரிந்தது, தெரிய வேண்டிய விதத்தில் படித்தால்.

பிரணவ் மட்டும் ஆவேசமாக எழுதினான். குழுவில் அவனுக்கு ‘விடுதலை’ என்று பட்டப்பெயர். கட்டற்ற மென்பொருள் என்பது மனித குலத்தின் கடைசி மூச்சு என்று ஆரம்பித்து, அறுபத்தொரு பத்தி. ஐம்பத்தெட்டாவது பத்தியில் “ஆகவே இது கூடவே கூடாது” என்று முழங்கியிருந்தான். பஞ்சாயத்து எந்த மடலிலும் முதல் இரண்டு பத்திக்கு மேல் படிப்பதில்லை. அந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் மற்ற எட்டுப் பேர், காரணமே பிரணவ்தான்.

எழுபத்து மூன்றாவது மணியில் தீர்ப்பு வந்தது. “மறுப்பு ஏதும் இல்லை. ஒருமனதாக ஏற்கப்பட்டது.”

தாரணிகா கம்பெனிக்கு எழுதினாள். பார்க்கலாம் என்றால் எங்கள் ஊரில் மறுப்பு, தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளவும். கம்பெனி வக்கீலிடமிருந்து முத்திரையோடு பதில் வந்தது. “தங்கள் உரிமப் பத்திரத்தின் முதல் வரியில், ‘யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம்’ என்று உள்ளது. அங்கே ‘பார்க்கலாம்’ என்பது அனுமதி எனில், இங்கேயும் எங்கேயும் எப்போதும் எவர் வாயிலும் அது அனுமதியே. இதுவே எமது நிறுவனத்தின் உறுதியான நிலைப்பாடு.”

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய ரியாஸ், கழுத்தில் தொட்டில் கட்டிய கையோடு பேக்கரிக்கு வந்தான்.

“என்னக்கா, கையெழுத்துப் போட்டாச்சா?”

“எப்படிடா போடறது? கும்பிடு போடற முட்டியை எம் பேர்லயா வெளியிடறது?”

“சரி, போடாதீங்க. உரிமை அடுத்த ஆளுக்குப் போகும். அடுத்த ஆளு யாரு? விடுதலை. அவரு முகவுரை எழுதி முடிக்கவே ஆறு மாசம்.” டீயை ஊதினான். “ஆஸ்பத்திரில என் பக்கத்துக் கட்டில்ல ஒரு அம்மா. மூணாவது மாடிக்காரங்க. இனிமே கீழயே வரமாட்டேன்னு இருக்காங்க. பேரன் கல்யாணத்தைப் போன்ல பாத்துக்கறாங்களாம். ஏழு டிகிரிதானேக்கா? நான் விழுந்தப்ப என் கழுத்து தொண்ணூறு டிகிரி திரும்புச்சு.”

தாரணிகா டீ கிளாஸைத் தள்ளி வைத்தாள்.

“எனக்குப் பிடிச்சுச் சொல்லலைக்கா” என்றான் ரியாஸ், மெதுவாக. “நானும் பாக்கலாம்னுதானே எழுதினேன்.”

நானூறு கால்களும் பத்து நாள் படி இறங்கின. ஒன்றுகூட விழவில்லை. தாரணிகா கையொப்பமிட்டாள்.

அடுத்த வாரம் அவள் நேராகப் படி இறங்கி, கிராஸ்கட் ரோட்டுக்குப் போனாள். ஆசனா ஷோரூம் வாசலில் கால் தானாக மடங்கியது. போனை எடுத்து முட்டியின் பதிவேட்டைப் பார்த்தாள். ஒவ்வொரு அசைவையும் அது எழுதி வைக்கும். “வளைவு: ஏழு டிகிரி. கட்டளை: மென்பொருள்.” அவளுக்குக் காது மடல் சூடானது.

முதல் வாரம் கம்பெனியில் கேக் வெட்டினார்கள். இரண்டாவது வாரம், சொந்த முழங்காலோடு நடந்தவர்களும் மடங்க ஆரம்பித்தார்கள். முன்னால் போகிற பத்துப் பேர் ஓரிடத்தில் பணிந்து போனால், பதினொன்றாவது ஆள் ஏன் என்று கேட்டுக்கொண்டு நிற்பானா? எதற்கும் இருக்கட்டும் என்று அவனும் பணிவான். மூன்றாவது வாரம் ஒரு பூக்காரம்மா கூடையை இறக்கினார். வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் யஷ்வந்த்தான் எல்லோருடைய வணக்கத்துக்கும் நேர் எதிரே இருந்தார். இரண்டு நாள் சங்கடப்பட்டார். மூன்றாம் நாள் திருநீறு வாங்கி வைத்துக்கொண்டார்.

ஜன்னலில் வைத்திருந்த மூன்று பேர் சோபாவுக்குச் சந்தனம் பூசப்பட்டது. அதன்மேல் உட்கார்ந்து பார்த்த ஒரு பல் டாக்டரைப் பொதுமக்கள் கையைப் பிடித்து இறக்கினார்கள். அதற்குப் பிறகு ஆசனாவில் யாரும் சோபா வாங்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, மூன்று சுற்றுச் சுற்றி, நல்லபடியாகக் கிளம்பிப் போனார்கள்.

ஆடி முதல் வெள்ளிக்கிழமை, கவின்பிரசாத் தாரணிகாவின் மூன்றாம் மாடிக்கு ஏறி வந்தார். இந்தமுறை பொன்னாடை இல்லை.

“மேடம், அந்த அனுபவத்தை... கொஞ்சம் மறுபரிசீலனை பண்ண முடியுமா?”

“என்னுங்க ஆச்சு?”

“தினமும் ஆபீசுக்குள்ள போக வர நாப்பது தடவை மடங்கறேன் மேடம். வாட்ச்மேன் என் நெத்தியில திருநீறு பூசி, ‘பிரமோஷன் வரும் கண்ணு’ங்கறான். போர்டு மீட்டிங்குக்குப் பட்டையோட போறேன். முதலாளிக்கும் முட்டிதான். அவருக்கும் பூசறான்.”

தாரணிகா சிரிப்பை டீயோடு சேர்த்து விழுங்கினாள்.

“எடுத்தறலாமுங்க. ஆனா நீங்க கால் கொடுத்தப்ப போட்ட ஒப்பந்தத்துல ரண்டு தரப்பும் ஒத்துக்கோணும்னு இருக்குதுங்களே. உங்க பக்கமும் அதே எழுபத்திரண்டு மணி விதி, அதே பஞ்சாயத்து. நான் ஒரு யோசனை எழுதி உங்க முதலாளிக்கு அனுப்பறனுங்க.”

எழுதினாள். ஒன்று, ஏழு டிகிரி நீக்கப்படும். இரண்டு, நானூறு கால்களும் ஒரு வருஷத்துக்குப் பதில் பத்து வருஷம் குழுவுக்கு. மூன்று, உதவி செய்கிற யாருடைய பெயரும் ‘உபயம்’ என்று ஒரே வரியில் வரும். முட்டி எங்கே மடங்க வேண்டும் என்பதில் உபயதாரருக்கு எந்தப் பேச்சும் இல்லை.

முதலாளிக்கு முதல் வரி பிடித்திருந்தது. மற்ற இரண்டையும் படித்ததும் ரத்தம் கொதித்தது. இருந்தாலும் அவரும் இந்த மண்ணில் பிறந்தவர், எழுதிக் கேட்டது வயசான ஒரு அம்மணி. தன் கையாலேயே பதில் அனுப்பினார்.

“பாக்கலாமுங்க.”

எழுபத்து மூன்றாவது மணியில் பஞ்சாயத்து சொன்னது. “மறுப்பு ஏதும் இல்லை. ஒருமனதாக ஏற்கப்பட்டது.”

அரை மணி நேரத்தில் போன் அடித்தது. எதிர்கால நல்லுறவுகள் பிரிவின் துணைத் தலைவர் குரலில் படிப்பெல்லாம் கரைந்து கோபிச்செட்டிபாளையம் வெளியே வந்திருந்தது.

“ஏனுங்க்கா! முதலாளி பாக்கலாமுங்கன்னா முடியாதுன்னு அர்த்தமுங்க்கா! இது உங்களுக்குத் தெரியாதுங்களா?”

“எனக்குத் தெரியுமுங்க. உங்க வக்கீலுக்குத்தான் தெரியாதாமா.” மேசை இழுப்பறையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து நிதானமாக வாசித்தாள். “இங்கேயும் எங்கேயும் எப்போதும் எவர் வாயிலும். கீழ முத்திரை வேற பெருசா இருக்குதுங்க கண்ணு.”

மறுமுனையில் ஏதோ காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, “அந்த வக்கீல் மெட்ராஸ்காரனுங்க்கா” என்றது ஒரு சின்னக் குரல்.

குழுவில் அன்று ஒரே கொண்டாட்டம். அந்தச் சூட்டிலேயே பிரணவ் ஒரு யோசனை கொண்டுவந்தான். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரே வரி. “இனிமேல் ‘பார்க்கலாம்’ என்றால் மறுப்பு என்று சட்டத்தில் சேர்ப்போம்.” நல்ல யோசனைதான். ஆனால் சட்டத்தில் கை வைப்பதென்றால் யாருக்குத்தான் தயக்கம் இருக்காது? எட்டுப் பேரும் “பாக்கலாமுங்க” என்று பதில் போட்டார்கள்.

யாரும் மறுக்காததால் பஞ்சாயத்து அதை ஏற்றது. ஏற்ற கணத்தில் எட்டு மறுப்பு இருப்பதைக் கண்டு தள்ளுபடி செய்தது. தள்ளுபடியானதும் பார்க்கலாம் மீண்டும் சம்மதமாகிவிட, மறுபடி ஏற்றது. பதினொரு நாள் இப்படிச் சுற்றியதில் இயந்திரத்திலிருந்து வடை வாசம் வந்தது. கடைசியில் ரியாஸ் போய், குணமான கையால், மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டான். அதன்பிறகு ஒன்பது பேரும் மாதம் ஒருமுறை பேக்கரியில் கூடி, முகத்தைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். முகத்தில் வேண்டாம் என்பது நன்றாகவே தெரிகிறது.

ஏழு டிகிரியை நீக்கிய புதிய முட்டி வெளியாகி மூன்று வாரம் கழித்து, தாரணிகா மாடியிலிருந்து நேராக இறங்கினாள். ஒன்பதாவது படியில் வழக்கம்போல மூச்சைப் பிடித்தாள். கால் இறங்கியது. ரியாஸ் சொன்ன அந்த அம்மாவும் பேரனுடைய மறுவீட்டு விருந்துக்குக் கீழே இறங்கிப் போனதாகச் செய்தி வந்திருந்தது. மனசு லேசாக இருந்தது. கிராஸ்கட் ரோடு வரை நடந்தாள்.

ஆசனா பெயர்ப்பலகையைக் கழற்றி வேறு இடத்துக்குப் போயிருந்தது. ஷோரூம் பூட்டிக் கிடந்தது. ஆனால் வாசலில் பூக்காரம்மா இருந்தார். யஷ்வந்த் இருந்தார், இப்போது காவி வேட்டி. போகிறவர்கள், வருகிறவர்கள், இளசுகள், சொந்தக் கால்காரர்கள், உலோகக் கால்காரர்கள், எல்லோரும் அந்த இடம் வந்ததும் லேசாக மடங்கி நிமிர்ந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

பழைய பதிப்பாக இருக்கும், இன்னும் பாதிப் பேர் மாற்றியிருக்க மாட்டார்கள் என்று நினைத்தபடியே அவளும் கடந்தாள்.

கால் மடங்கியது.

திடுக்கிட்டு நின்றாள். தன் கையாலேயே அழித்த வரிகள், தானே போட்ட கையொப்பம். எங்கேயோ ஒரு மூலையில் ஏதாவது மிச்சம் விட்டுவிட்டோமா? போனை எடுத்துப் பதிவேட்டைத் திறந்தாள்.

“வளைவு: ஏழு டிகிரி. கட்டளை: காலின் உரிமையாளர்.”

இரண்டு முறை படித்தாள். யஷ்வந்த் திருநீற்றுத் தட்டோடு எழுந்து வந்தார்.

“வாங்க அம்மணி. ரொம்ப நாளா ஆளையே காணோம். வேண்டுதல் ஏதாவது இருக்குதுங்களா?”

இதைப் பிழைப் பட்டியலில் பதிய வேண்டும். பதிந்தால் யார் திருத்துவது, எந்த வரியில் திருத்துவது? தாரணிகா போனை மூடிப் பைக்குள் போட்டாள். நெற்றியைக் கொஞ்சம் முன்னால் நீட்டினாள்.

“பாக்கலாமுங்க” என்றாள்.